பூனை வாங்கிக் கொடுத்த நல்ல பெயர்

கொல்லங்கோட்டில் என்னைப் பற்றி விசாரித்தால் இரண்டு விஷயம் சொல்வார்கள். மொய்து ராவுத்தர் முன்யோசனைக்காரர், அத்தா நடத்திய கருவாட்டுக் கடையைக் காலம் பார்த்து மூடிவிட்டு பி.வி.சி. பைப் கடை போட்டவர் என்பார்கள். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அடுத்து, மனிதர் மார்க்கப்பற்று மிகுந்த தீன்தாரி, வாரத்தில் திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்காமல் இருக்கமாட்டார் என்பார்கள். இரண்டும் பொய். இந்த இரண்டு நல்ல பெயரையும் எனக்கு வாங்கிக் கொடுத்தது பூனை.

எனக்குப் பூனை என்றால் பயம். இதை ஒப்புக்கொள்ளவே ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. தெருவின் அந்தக் கோடியில் ஒரு பூனை தெரிந்தால் இந்தக் கோடியில் எனக்கு உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், என்னைக் கேட்காமலே கால் திரும்பி நடக்கும். மற்றபடி நான் கோழை இல்லை. கடைக்குப் பின்னால் வந்த விரியன் பாம்பை நானே அடித்திருக்கிறேன். நெல்லியாம்பதி ரோட்டில் யானை குறுக்கே நின்றபோது ஜீப்பில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, நான் வறுகடலை தின்றுகொண்டிருந்தேன். ஆனால் கால் கிலோ தேறாத பூனைக்குட்டி ஒன்று வந்தால் நாற்காலிமேல் ஏறி நின்றுவிடுவேன். இதை வெளியே சொல்ல முடியுமா? அதிலும் எங்கள் ஜனத்தில் பூனைக்குத் தனி மரியாதை. பள்ளிவாசல் வராந்தாவில் படுத்திருந்தாலும் யாரும் விரட்டமாட்டார்கள், ஒதுங்கிப் போவார்கள். நான் மட்டும் ஏதோ மறந்துபோனவனாகத் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்து தொழுதுகொள்வேன்.

ஒன்பது வயதில் ஆரம்பித்தது. அத்தாவின் கருவாட்டு குடோனில் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தேன். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. குட்டியைத் தூக்க வந்தவன் என்று என்னை நினைத்ததோ என்னவோ, இருட்டில் முகத்தில் பாய்ந்தது. முக்கால் மணி நேரம் நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கத்தினோம். கன்னத்தில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது. கேட்பவர்களிடம் சைக்கிளில் விழுந்தேன் என்பேன்.

அத்தா மௌத்தான பிறகு கடை என் கைக்கு வந்தது. கடையோடு ஆறு பூனைகளும் வந்தன. ஆறு மாதம் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தபடி வியாபாரம் பார்த்தேன். குனிந்து வந்து கருவாடு வாங்க யாருக்கு என்ன தலையெழுத்து? பூனை மோந்துகூடப் பார்க்காத சரக்கு எது என்று யோசித்து, பைப்புக்கு மாறினேன். அந்த வருஷம் பார்த்து மழை பொய்த்தது. கிழக்குப் பக்கம் முழுக்க போர்வெல் தோண்டினார்கள், பைப் பறந்தது. வியாபாரி சங்கத்தில் என் முன்யோசனைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் தலையைக் குனிந்தபடியே நின்றதைப் பணிவு என்று பேசிக்கொண்டார்கள். மேடைக்கு அடியில் ஒரு வால் தெரிந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் என் மனைவி நபீஸா. கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குள் வாக்குவாதம் முற்றி நான் ஜெயிக்கப்போகிற கட்டத்தில், மெதுவாக "மியாவ்" என்பாள். அத்தோடு வாக்குவாதம் முடிந்துவிடும்.

எங்களுக்கு ஒரே மகள், ஷம்னா. அவளுக்குத் தெரியாது. சின்ன வயதில் பூனைக்குட்டி கேட்டு அழுதபோது, பூனை முடி பட்டால் எனக்கு வீசிங் வரும் என்று சொல்லி வைத்தேன், அவளும் அப்புறம் அதை மறந்துவிட்டாள். அவள் பக்கத்துச் சித்தூர் காலேஜில் படிக்கும்போது கூடப் படித்த சஜ்ஜாதைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். நல்ல பையன், எங்கள் ஜமாத்துதான். ஆனாலும் என்னைக் கேட்காமல் அவளே முடிவெடுத்தாள் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் சரியாகிவிட்டேன். அந்த ஒரு வாரத்துக்காகப் பின்னால் நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

சம்பந்தி மீரான் ராவுத்தருக்குச் சித்தூரில் தேங்காய் மண்டி. தங்கமான மனிதர். ஆனால் அவர் வீட்டம்மா மூன்று பூனை வளர்த்தார்கள். இது எனக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரியும். பெண்ணைக் கொடுத்தவன் அந்த வீட்டில் உட்கார்ந்து நாலு பிடி சோறு சாப்பிட்டால்தான் சம்பந்தம் ஒட்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்காக முதல் தடவை போனேன். வாசலில் ஸிட் அவுட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே நெய்ச்சோறு மணந்தது. கதவோரம் ஒரு சாம்பல் நிறப் பூனை வந்து நின்று என்னைப் பார்த்தது.

"உள்ள வாங்க சம்பந்தி, சோறு எடுத்து வச்சாச்சுங்க" என்றார் மீரான் ராவுத்தர்.

எழுந்து நின்றேன். கால் உள்ளே போக மாட்டேன் என்றது. வாய் முந்திக்கொண்டது. "இல்லீங்க, எனக்கு இன்னிக்கு நோன்புங்க."

நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ அன்றைக்குத் திங்கட்கிழமை. சம்பந்தியின் முகம் மாறியது. "மாஷா அல்லாஹ்! சொல்லவேயில்லையே நீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் வீட்டில் நான் பெரிய மனிதன். அவர் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் கொல்லங்கோடுவரை பரவியது. அதற்குப் பிறகு திங்கள் அல்லது வியாழன் பார்த்துத்தான் மகளைப் பார்க்கப் போவேன். ஸிட் அவுட்டில் பத்து நிமிஷம். நோன்பு திறந்துவிட்டுப் போகச் சொன்னால் கடையில் லோடு இறங்குகிறது என்பேன். நேராக சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, டீக்கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இரண்டு போண்டாவும் ஒரு டீயும். பொய் நோன்புக்கு அவ்வளவு பசிக்கும் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஷம்னா வாசல்வரை வந்து நின்று என்னை வழியனுப்புவாள். முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பது குறைந்தது. நான் கவனித்தேன். கவனித்துவிட்டு போண்டா தின்னப் போனேன்.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிள்ளையின் காதில் முதலில் பாங்கு சொல்ல வேண்டும். அதை அவள் அத்தாவான நான்தான் சொல்ல வேண்டும் என்று ஷம்னா முன்னமே சொல்லி வைத்திருந்தாள். சம்பந்தியும், "நோன்பாளி வாயால கேக்கட்டுங்க" என்று ஒதுங்கி நின்றார். நான் கை, கால், முகம் கழுவி ஒளூ செய்துவிட்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு, மூன்றாம் மாடி வராந்தாவில் நடந்தேன். அறைக்கு வெளியே, சரியாகக் கதவுக்கு முன்னால், ஒரு மஞ்சள் பூனை நீட்டிப் படுத்திருந்தது.

மூன்று மாடியை நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மருந்துக் கவுன்டர் பக்கம் மூச்சு வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஹார்ட் அட்டாக் என்று தூக்கிக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. என்ன பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று டாக்டர் குடைந்தார். நான் வயிற்றில் கேஸ் என்றேன். நபீஸா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பூனைங்க டாக்டர்" என்று போட்டு உடைத்தாள். நர்ஸ் சிரித்தாள். டாக்டர் சிரிக்காமல் ஒரு சீட்டு எழுதி, கீழ்த்தளத்தில் சைக்காலஜிஸ்டைப் பார்க்கச் சொன்னார். அதற்குள் மேலே காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, சஜ்ஜாதே மகள் காதில் பாங்கு சொல்லிவிட்டான்.

மறுநாள் ஷம்னா என்னைக் கூப்பிட்டாள். வயிற்றில் கேஸ் என்று அவளிடமும் சொன்னேன். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு வருசமா என்ற ஊட்டு வாசப்படி தாண்டலை. சரின்னு உட்டுட்டேன். என்ற புள்ள காதுல பாங்கு சொல்லக்கூட உங்களுக்கு மனசு வரலைங்களா அத்தா? நாப்பது கழிஞ்சு நான் சித்தூருக்குப் போவேன். எங்களைக் கொண்டாந்து உடறதா இருந்தா, நீங்க உள்ள வந்து ஒக்காந்து சாப்பிடோணும். இல்லீன்னா வாசல் வரைக்குங்கூட வர வேண்டாம்."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. அவளே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டதற்கு நான் இன்னும் கோபத்தில் இருக்கிறேன் என்று அவள் நினைப்பது எனக்குப் புரிந்தது. இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தில் பூனை என்ற வார்த்தை வரும். ஒரே மகளை இழந்தாலும் இழக்கலாம், பூனைக்குப் பயந்தவன் என்ற பெயர் கூடாது என்று அந்த நேரத்தில் என் வாய் முடிவு செய்தது. இவ்வளவு பெரிய முட்டாளைக் கொல்லங்கோட்டில் வேறு எங்கேயும் பார்க்க முடியாது.

நாற்பது நாள் கெடு. ஐந்தாம் நாள் டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சைக்காலஜி போர்டுக்குக் கீழே தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பக்கத்துக் கண் டாக்டர் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்துவிட்டது. கண்ணைச் சோதித்தார்கள். இப்போது நான் போட்டிருக்கும் கண்ணாடி அப்படி வாங்கியதுதான்.

கடைசியில் சைக்காலஜிஸ்ட் அறைக்குள் நுழைந்தேன். ஜிஸ்மி என்று பெயர், முப்பது வயதிருக்கும். உடும்பஞ்சோலைக்காரி. அப்பாவுக்கு ஏலத்தோட்டம், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்ததெல்லாம் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள். அதனால் மலையாளத்து வீட்டுப் பெண்ணாக இருந்தும் தென்பாண்டித் தமிழ் பேசினாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. எதைக் கண்டா பயம்?"

"அதுங்க."

"எது?"

"அதுதானுங்க. நாலு காலு, வாலு."

"மாடா?"

"சின்னதுங்க. மீசை இருக்கும்."

"பேரைச் சொல்லுங்க அண்ணாச்சி. பேரைச் சொன்னா அது வந்துராது."

இருபது நிமிஷம் ஆனது. சொன்னேன். சொல்லி முடித்ததும் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். குடோன் கதையையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் அதிலேயே நின்றுவிடவில்லை.

"எப்படி ஆரம்பிச்சதுங்கறது ஒரு பக்கம். இம்புட்டு வருசம் அதைச் சோறு போட்டு வளர்த்தது நீங்கதான். பூனையைப் பாத்ததும் ஓடுறீங்க. ஓடுனதும் நெஞ்சு லேசாகுது. ஆகா, ஓடுனதாலதான் பொழைச்சோம்னு மனசு எழுதி வச்சுக்குது. அடுத்த தடவை இன்னும் வெரசா ஓடச் சொல்லுது. ஓடாம நின்னா என்ன ஆகும்னு அதுக்கு நீங்க ஒரு தடவைகூடக் காட்டல."

"நின்னா செத்துப் போயிருவனுங்க."

"ஈ.சி.ஜி. பாத்தேன், சாக மாட்டீங்க. பயம் ஏறும், ஒரு எடத்துல நிக்கும், பெறகு தானா எறங்கும். அது எறங்குற வரைக்கும் நீங்க எந்திரிக்கக் கூடாது. சின்னதுல ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா ஏறுவோம். அம்புட்டுத்தான் வைத்தியம்."

"மாத்திரை எதுவும் இல்லீங்களா?"

"இல்ல."

மாத்திரை இல்லாத வைத்தியத்துக்கு எதற்கு டாக்டர் சீட்டு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் ஒரு தாளில் படி வரைந்தாள். பூனைப் படம் பார்ப்பது, வீடியோ பார்ப்பது, தூரத்தில் நிஜப் பூனை, அறைக்குள் பூனை, தொடுவது, மடியில் வைப்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை பயத்துக்கு ஒரு எண் சொல்லச் சொன்னாள். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பேரம்தான்.

"படம் பாக்கறதுக்கு எவ்வளவு அண்ணாச்சி?"

"நீங்க எவ்வளவு போடுவீங்க?"

"என் பயம் இல்ல, உங்க பயம்."

"எழுபதுங்க. சரி, உங்களுக்காக அறுபத்தஞ்சு."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.

வீட்டில் தினமும் இருபது நிமிஷம் செல்போனில் பூனைப் படத்தைப் பார்த்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எண் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். முதல் நாள் ஒற்றைக் கண்ணால் இரண்டு நொடி பார்த்தேன். இரண்டாம் நாள் நபீஸாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். வார முடிவில் கடையில் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதினேன். எழுபது, அறுபது, ஐம்பது, நாற்பது. பார்க்க அழகாக இருந்தது.

ஜிஸ்மி தாளை வாங்கிப் பார்த்தாள். "கடையில எழுதுனதா?"

"ஏனுங்க?"

"நெசமாப் பயந்தவுக தாளு இப்படி இருக்காது. எழுபதுல இருந்து எண்பதுக்கு ஏறும், பெறகு அம்பதுக்கு விழும், மறுநாள் மறுபடி எழுபதுல நிக்கும். யாரை ஏமாத்துறீக அண்ணாச்சி? நாப்பதாம் நாளு உங்க மக வீட்டுக்கு நானா போகப் போறேன்?"

வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில்தான் நோன்புக் கதையைச் சொன்னேன். அதுவரை நபீஸாவுக்கும் பாதிதான் தெரியும். போண்டா வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஜிஸ்மி உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுவும் ஓட்டந்தான் அண்ணாச்சி. காலுக்குப் பதிலா வாய் ஓடியிருக்கு" என்றாள். படி வரைந்த தாளின் உச்சியில் இன்னொரு படி போட்டு, மகளிடம் உண்மையைச் சொல்வது என்று எழுதினாள். எவ்வளவு என்று கேட்டாள். நூறு என்றேன். பேரம் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தேன். படத்தை இருபது நிமிஷம் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சட்டை நனைந்தது. ஆனால் நாலாம் நாள் படத்தைப் பார்த்துக்கொண்டே கொட்டாவி விட்டேன். கொட்டாவி வந்ததை நபீஸாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். சந்தையில் மீன்காரர் எதிரில், ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பூனைகளைப் பார்த்தேன். வாரம் முழுக்க மீன் வாங்காமல் மீன் கடையையே பார்த்துக்கொண்டு நிற்கிற என்னை, மீன்காரர் சந்தேகமாகப் பார்த்தார். எப்போதும் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே நடக்கிற குடையை ஜிஸ்மி பிடுங்கி வைத்துக்கொண்டாள். குடைதான் காப்பாற்றியது என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்ளுமாம். குடை இல்லாமல் நடந்த முதல் நாள் துணியில்லாமல் நடப்பதுபோல இருந்தது.

"உங்களுக்கு எதுக்குமே பயம் இல்லீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அட்டைன்னா அலறுவேன். ஏலக்காட்டுல பொறந்துட்டு அட்டைக்குப் பயந்தா எப்படி இருக்கும்? மழை பெஞ்சா ஸ்கூலுக்கே போக மாட்டேன். படிக்கும்போது என்மேலேதான் மொதல்ல இந்த வைத்தியத்தைச் செஞ்சாக" என்றாள். எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது. அட்டையாவது ரத்தம் குடிக்கும், பயப்பட ஒரு நியாயம் இருக்கிறது.

இருபத்தாறாம் நாள் செக்யூரிட்டி ஜோமோன் ஒரு பூனையைத் தக்காளிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். மூன்றாம் மாடி வராந்தாவில் படுத்திருந்த அதே மஞ்சள் பூனை. ஆஸ்பத்திரி கேன்டீனில் வளர்கிறதாம், பெயர் குறிஞ்சி. கூடையை அறை மூலையில் வைத்துத் திறந்துவிட்டு, ஜோமோன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "தொண்ணூத்தஞ்சு" என்று கத்தினேன். ஜிஸ்மி உட்காரச் சொன்னாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். குறிஞ்சி வெளியே வந்தது. என்னை ஒரு தடவை பார்த்தது. ஒரு காலை நக்கியது. அப்புறம் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது.

ஐம்பது வருஷமாக என்னைக் கொல்லக் காத்திருக்கிறது என்று நான் நம்பிய பிராணி, என்னைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது. எனக்கு நிம்மதியைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. அரை மணி கழித்து எண் முப்பத்தைந்து. கடைசி தடவை போனபோது, ஜிஸ்மி முதலில் தடவிக் காட்ட, நானும் ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டேன். சூடாக இருந்தது, இவ்வளவுதானா என்றிருந்தது. மடியில் வைப்பதும் அதற்கு மேலே இருந்த படியும் பாக்கி. அதற்குள் நாற்பதாம் நாள் வந்துவிட்டது.

அன்றைக்கு வியாழக்கிழமை. சம்பந்தி இரண்டு நாள் முன்பே போன் செய்தார். "வியாழக்கெழமை உங்களுக்கு நோன்பாச்சுங்களே. அதனால விருந்தைப் பொழுது உழுந்து மஃரிபுக்கு மேல வச்சிருக்கறேனுங்க." நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

சாயங்காலம் ஷம்னாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நானும் நபீஸாவும் சித்தூர் போனோம். வண்டியில் ஷம்னா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டு முன்னால் இறங்கியதும், ஸிட் அவுட் படியில் நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே போனேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக் கூடத்தைப் பார்த்தேன். சுவரில் ஷம்னாவின் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. பூனை எதையும் காணவில்லை.

நபீஸா என் காதோரம் குனிந்தாள். "உங்களுக்கு வீசிங் வரும்னு சம்பந்தியம்மாகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க. மூணையும் சாமான் ரூமுல போட்டு அடைச்சிருக்குது. சாப்பிட்டுப்போட்டு நிம்மதியா போலாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சோறு சாப்பிடலாம், மகள் கேட்டது நடந்துவிடும், தீன்தாரி பட்டமும் போகாது, பூனையும் இல்லை. இவ்வளவு மலிவாக எனக்கு எதுவும் அமைந்ததே இல்லை. சாமான் அறைக் கதவைப் பூனைகள் பிறாண்டும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். சம்பந்தி பேரீச்சம்பழத் தட்டை முதலில் என்னிடம் நீட்டினார். நான் ஒன்றை எடுத்தேன். அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கும் நோன்புங்களா?" என்று கேட்டேன்.

"உங்களைப் பாத்துத்தானுங்க புடிச்சேன். மொத நாளு நீங்க நோன்புன்னு சொன்னீங்களே, இந்த மனுசன் மகளைக் குடுத்த ஊட்டுலகூடச் சோத்துக்கு ஆசைப்படலையேன்னு எனக்கு வெக்கமாப் போச்சு. அதுக்கடுத்த வாரம் ஆரம்பிச்சேன். ரெண்டு வருசத்துல ஏழெட்டுத்தான் உட்டுருப்பேன்."

பழம் என் விரலில் இருந்தது. வாயில் போட முடியவில்லை. இந்த மனிதர் தேங்காய் மண்டியில் பட்டினியாக நின்ற நாளிலெல்லாம் நான் பஸ் ஸ்டாண்டில் சுவரைப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தேன். பழத்தைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

"எனக்கு நோன்பில்லீங்க சம்பந்தி. இன்னிக்கு மட்டுமில்லீங்க, ஒரு நாளும் இருந்ததில்ல. எனக்குப் பூனைன்னா பயமுங்க. உங்க ஊட்டுப் பூனைக்குப் பயந்துதான் உள்ள வராம அந்தப் பொய்யைச் சொன்னேன். வீசிங்கும் பொய்யிங்க. ஆஸ்பத்திரில பாங்கு சொல்ல வராம ஓடுனதும் பூனைக்குப் பயந்துதான்."

கடைசி வாக்கியத்தை ஷம்னாவைப் பார்த்துச் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டபடி அசையாமல் நின்றாள். சம்பந்தி கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். நேரம் தவறக்கூடாது என்று அதை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, "மொதல்ல தொழுதுட்டு வந்துரலாமுங்க" என்றார். அன்றைய மூன்று ரக்அத்தைப்போல நீளமான தொழுகையை நான் தொழுததில்லை.

தொழுது முடித்துத் திரும்பியதும் சம்பந்தி கேட்டார். "அப்ப நான் புடிச்ச அத்தனை நோன்பும் பூனையாலதானுங்களா?"

"மன்னிச்சுக்கோங்க."

"எனக்குச் சக்கரை கொறைஞ்சிருக்குதுன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றார். தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு சம்பந்தியம்மா, சஜ்ஜாத், நபீஸா எல்லோரும் சிரித்தார்கள். ஷம்னா சிரிக்கவில்லை. குழந்தையைச் சஜ்ஜாதிடம் கொடுத்துவிட்டு, நேராகச் சாமான் அறைக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்து நின்று என்னைப் பார்த்தாள். நான் சொன்னது இன்னொரு பொய்யோ என்று அவளுக்குச் சந்தேகம். இருக்காதா பின்னே?

"தொறந்து உடு" என்றேன்.

திறந்தாள். மூன்றும் வந்தன. எனக்கு வியர்த்துக் கொட்டியது, கால் எழுந்திருக்கப் பார்த்தது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததால் அதற்கு அவ்வளவு எளிதாக இல்லை. இடது கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் நெய்ச்சோற்றைப் பிசைந்தேன். சாம்பல் பூனை வந்து என் தொடையோரம் உரசிக்கொண்டு உட்கார்ந்தது. வாய்க்குக் கொண்டுபோகும்போது சோறு பாதி சிந்தியது. ஷம்னா அதையெல்லாம் பார்த்தாள். சோறு சிந்துவதைப் பார்த்துத்தான் அவளுக்கு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதைச் சொல்றதுக்கு என்னங்க அத்தா?"

"வெக்கமா இருந்துச்சு கண்ணு."

என் தட்டோரம் சிந்திய சோற்றைப் பொறுக்கி எடுத்தாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள். "போன வருசம் எனக்கு ஒண்ணு தங்காமப் போச்சு. மூணாம் மாசத்துல. அத்தாவுக்குச் சொல்ல வேண்டாம்னு அம்மாகிட்டச் சத்தியம் வாங்கிட்டேன். சொன்னா நீங்க வருவீங்க, வந்துட்டு வாசல்லயே நின்னு போயிருவீங்கன்னு பயமா இருந்துச்சு. அதைப் பாக்கறதுக்கு, நீங்க வராமயே இருக்கட்டும்னு நெனச்சேன்."

நபீஸாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் கண்ணீர் சோற்றில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. என் மகள் பிள்ளையை இழந்து அழுத நேரத்தில் அவள் அத்தா கொல்லங்கோட்டில் பைப் விற்றுக்கொண்டிருந்தான். பூனைக்குப் பயந்தவனைக் கண்டு அவள் பயந்திருக்கிறாள்.

பூனை எழுந்து என் மடியில் ஒரு காலை வைத்துப் பார்த்தது. அப்புறம் ஏறிப் படுத்துக்கொண்டது. உடம்பு விறைத்தது. நான் அசையவில்லை.

சஜ்ஜாத் பதறிப்போய், "மாமா, எடுத்துடட்டுங்களா? வண்டியை எடுக்கறேன், வேணும்னா உங்களைக் கொண்டுபோய் உட்டுடறேன்" என்றான்.

"வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். ஷம்னாவிடம் தட்டை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் சோறு போடு கண்ணு" என்றேன். வயிறு நிறைந்துதான் இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டு கரண்டி போட்டாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.